மார்பகக் கட்டியும் காந்தப் படமும்: படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

மார்பகத்தில் கட்டி தட்டுப்படுகிறது என்று எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் பெண்களின் குடும்பத்தார் மிகுதியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பெரிய ஸ்கேனாக ஒன்று எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமே, ஊசி எதற்கு?” என்பதே அது. பெரிய ஸ்கேன் என்று அவர்கள் குறிப்பது எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படத்தை. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, கருங்குளம், செய்துங்கநல்லூர் ஆகிய ஊர்களிலிருந்து வருவோர், திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ சென்று எடுத்துவந்த படங்களையும் அறிக்கைகளையும் எங்களிடம் காட்டுகின்றனர்.

இக்கேள்வியில் நியாயம் உண்டு. ஓர் ஆபத்தும் உண்டு. ‘சந்தேகத்திற்குரியது’ என்று அறிக்கையில் கண்டவுடன் புற்றுநோய் என்றே முடிவுகட்டி உணவும் உறக்கமும் இழப்போர் சிலர். ‘சந்தேகத்திற்குரியதாக ஏதுமில்லை’ என்று கண்டவுடன், கையில் தட்டுப்படும் கட்டியை மறந்துவிடுவோர் சிலர். ஊசிச் சோதனைக்கு அஞ்சி, அதற்கு மாற்றாக ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் எடுத்துக் காலம் கழிப்போர் இன்னும் சிலர். மூவருக்கும் இழப்பு நேர்கிறது. பின்னிருவர் இழப்பது திரும்பப் பெற இயலாத காலத்தை. ஆகவே, தீங்கற்ற கட்டியையும் புற்றுநோய்க் கட்டியையும் பிரித்தறிவதில் காந்தப் படம் எந்த அளவுக்குத் துணைசெய்யும் என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

கட்டி எல்லாம் புற்று அன்று

மார்பகத்தில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. இளம்பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது ஃபைப்ரோஅடினோமா எனப்படும் நார்த்திசுக் கட்டி. வழவழப்பாக, விரலால் அழுத்தினால் நழுவி ஓடும் இயல்புடையது. முப்பத்தைந்து வயதிற்கு மேல், மாதவிடாய் நிற்கும் வரையிலான காலத்தில் நீர்க்கட்டிகள் தோன்றுவது இயல்பு. பால் கொடுக்கும் தாய்மாருக்குச் சீழ்க்கட்டி ஏற்படலாம். அடிபட்ட இடத்தில் கொழுப்பு இறுகிக் கட்டியாகலாம். நம் நாட்டில் காசநோயும் அரிதாக மார்பகத்தில் கட்டியாக வெளிப்படுவதுண்டு.

மறுபுறம், இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, அவ்வோராண்டில் மட்டும் ஏறத்தாழ 1,92,000 இந்தியப் பெண்களிடம் இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. தொடக்கநிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. ‘வலி இல்லையே, ஒன்றும் இராது’ என்று வீட்டிலே சொல்லப்படும் ஆறுதல் இதனால்தான் ஆபத்தானது.

கட்டி எவ்வகை என்று அறிய உலகெங்கும் பின்பற்றப்படுவது மும்முனைச் சோதனை. முதலாவது, மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தல். இரண்டாவது, படம் எடுத்தல். இளம்பெண்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட், நாற்பது வயதிற்கு மேற்பட்டோர்க்கு மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும். மூன்றாவது, தேவைப்படுமிடத்து ஊசியால் சிறு துணுக்குத் திசு எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்ஸி. மிகப் பெரும்பாலானோர்க்கு இம்மூன்றே போதும். காந்தப் படம் இவற்றிற்குத் துணையாக வருவதேயன்றி, இவற்றிற்கு மாற்று அன்று.

காந்தப் படம் எவ்வாறு உருவாகிறது?

நம் உடலின் பெரும்பகுதி நீர். நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தம் போன்றவை. எம்.ஆர்.ஐ. கருவியின் வலிய காந்தப்புலத்தில் அவற்றுள் ஒரு சிறு பகுதி ஒரு திசைப்படுகிறது. 1.5 டெஸ்லா அளவுள்ள கருவியின் காந்தப்புலம், புவியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையுடையது. ரேடியோ அலையால் அவ்வணுக்கருக்களைச் சற்றே அசைத்துவிட்டால், அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய குறிப்பலைகளை வெளியிடும். அவற்றைக் கணினி படமாக்குகிறது. எக்ஸ்ரே கதிர் இதில் சிறிதும் இல்லை.

1971இல் அமெரிக்க மருத்துவர் ரேமண்ட் டமேடியன், எலிகளின் புற்றுத் திசுவிலிருந்து வரும் குறிப்பலை நலமான திசுவிலிருந்து வருவதினின்றும் வேறுபடுவதைக் கண்டு வெளியிட்டார். 1973இல் பால் லாட்டர்பர் இம்முறையில் படம் உருவாக்கிக் காட்டினார். அவருக்கும் இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு படம் எடுத்தால் புற்று எது, அல்லாதது எது என்று தானே தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை அன்று வலுத்திருந்தது. ஆனால் மார்பகத்தில் அது நிறைவேறவில்லை; தீங்கற்ற கட்டியும் புற்றுக்கட்டியும் ஒன்றுபோலவே தோன்றின. 1986இல் ஜெர்மனியின் சில்வியா ஹேவாங் குழுவினர், காடோலினியம் கலந்த மருந்தை நரம்பில் செலுத்திப் படம் எடுத்தபோதே வழி திறந்தது.

மருந்து செலுத்துவது ஏன்?

புற்றுக்கட்டி வளர்வதற்கு இரத்தம் வேண்டும். சில மில்லிமீட்டர் அளவைத் தாண்டி வளர, அது தனக்கென்று புதிய இரத்தக்குழாய்களை உருவாக்கிக்கொள்கிறது. அவசரத்தில் உருவான அக்குழாய்கள் செம்மையற்றவை. அவற்றின் சுவர்களில் கசிவு மிகுதி. காடோலினியம் மருந்து இரத்தத்தோடு சென்று, இவ்வாறு கசியுமிடத்தில் தேங்கி, படத்தில் வெண்மையாக ஒளிரும்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகாலிலும் தென்காலிலும் பாயும் வயல்களை அறிந்தோர்க்கு இதை விளக்குவது எளிது. வரப்பு செம்மையாக உள்ள வயலில் மடை திறந்தால் நீர் மெல்லப் பரவி, மேன்மேலும் ஏறி, நின்றுவிடும். நண்டு வளைகள் நிறைந்த வரப்புடைய வயலிலோ நீர் விரைந்து புகுந்தாலும் விரைந்தே வடிந்துபோகும். மருந்து செலுத்துவதற்கு முன் ஒரு முறையும், செலுத்திய பின் நிமிடத்திற்கு ஒன்று என்ற அளவில் சில முறையும் படம் எடுத்து, கட்டிக்குள் மருந்து எவ்வாறு ஏறுகிறது, எவ்வாறு வடிகிறது என்று நாங்கள் பார்ப்பதும் இத்தகையதே.

அப்போக்கு மூவகைப்படும். மெல்ல ஏறிக்கொண்டேயிருப்பது முதல் வகை. விரைந்து ஏறி அதே அளவில் நிற்பது இரண்டாம் வகை. விரைந்து ஏறி உடனே வடியத் தொடங்குவது மூன்றாம் வகை. ஜெர்மனியின் கிறிஸ்டியானே கூல் குழுவினர் 266 கட்டிகளை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவு இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. தீங்கற்ற கட்டிகளில் 83 விழுக்காடு முதல் வகையைச் சேர்ந்திருந்தன. புற்றுக்கட்டிகளில் 57 விழுக்காடு மூன்றாம் வகையையும், ஏறத்தாழ 34 விழுக்காடு இரண்டாம் வகையையும் சேர்ந்திருந்தன.

எஞ்சியவற்றையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். புற்றுக்கட்டிகளில் ஏறத்தாழ 9 விழுக்காடு, தீங்கற்ற கட்டியைப் போலவே மெல்ல ஏறின. தீங்கற்றவற்றில் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல், புற்றைப் போலவே விரைந்து வடிந்தன. ஆகவே மருந்தின் போக்கு வலுவான சான்றே எனினும், அதை மட்டும் கொண்டு முடிவு கூற இயலாது.

வடிவமும் விளிம்பும் நீரின் அசைவும்

மருந்தின் போக்கைக் காட்டிலும் கட்டியின் உருவத்திற்கே நாங்கள் முதலிடம் தருகிறோம். உருண்டையாகவோ நீள்வட்டமாகவோ இருந்து விளிம்பு வழவழப்பாக அமைந்தால், தீங்கற்றதாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. உட்புறம் ஒளிராத மெல்லிய கருங்கோடுகள் குறுக்கே ஓடினால், அது ஃபைப்ரோஅடினோமாவின் அடையாளம். மாறாக, வடிவம் ஒழுங்கற்று, விளிம்பிலிருந்து முட்கள் போன்ற கோடுகள் புறப்பட்டால் சந்தேகம் வலுக்கும். கட்டியின் ஓரம் மட்டும் வளையம்போல் ஒளிர்வதும், கட்டியாக உருப்பெறாமல் பால்நாளங்களின் வழியே கோடு கோடாக ஒளிர்வதும் கவலைக்குரியவை.

மருந்தில்லாமலே அறியும் மற்றொரு குறிப்பு, திசுவில் உள்ள நீர் மூலக்கூறுகளின் அசைவு. புற்றுத் திசுவில் உயிரணுக்கள் நெருக்கமாக அடைந்திருக்கும். ஆழ்வார்திருநகரியில் ஒன்பது கருடசேவை நடைபெறும் நாளில் வீதியில் நடப்போர் எவ்வாறு ஓரடி எடுத்துவைக்கவும் இடமின்றித் தவிப்பரோ, அவ்வாறே அந்நெருக்கத்தில் நீர் மூலக்கூறுகளும் தடைப்படும். அத்தடையை அளக்கும் படமுறை, தேவையற்ற ஊசிச் சோதனைகள் சிலவற்றைக் குறைக்க உதவுகிறது. எனினும் கெட்டியான சீழிலும் நீரின் அசைவு தடைப்படும். எனவே சீழ்க்கட்டி ஒன்று இப்படத்தில் புற்றைப்போல் தோற்றமளிக்கக்கூடும்.

அறிக்கையிலுள்ள எண்ணின் பொருள்

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, படத்துறை மருத்துவர் அறிக்கையின் இறுதியில் ஓர் எண் தருவார். ‘பைராட்ஸ்’ எனப்படும் இம்முறையை வகுத்தது அமெரிக்கக் கதிரியல் கல்லூரி. அவ்வெண்களின் பொருளை அறிந்துகொண்டால் வீண் அச்சமும் வீண் ஆறுதலும் குறையும்.

0 – விவரம் போதவில்லை. வேறு படமோ பழைய படங்களோ தேவை.
1 – குறிப்பிடத்தக்கதாக ஏதுமில்லை.
2 – காணப்படுவது ஐயமின்றித் தீங்கற்றது.
3 – தீங்கற்றதாகவே இருக்கக்கூடும்; புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேலில்லை. குறித்த காலத்தில் மீண்டும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.
4 – சந்தேகத்திற்குரியது. திசுச் சோதனை தேவை. புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல், 95 விழுக்காட்டுக்குள்.
5 – புற்றாக இருக்கும் வாய்ப்பு 95 விழுக்காடோ அதற்கு மேலோ. எனினும் திசுச் சோதனை செய்தே சிகிச்சை தொடங்கப்படும்.
6 – திசுச் சோதனையால் முன்னரே புற்று என உறுதிசெய்யப்பட்டது.

நான்காம் எண்ணின் வீச்சைக் காண்க. நூற்றில் மூன்று பேருக்கு மட்டுமே புற்று இருக்கக்கூடிய படமும், நூற்றில் தொண்ணூறு பேருக்கு இருக்கக்கூடிய படமும் ஒரே எண்ணில் அடங்கும். ‘4’ என்று கண்டவுடன் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. திசுச் சோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது.

படம் தவறும் இடங்கள்

44 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, மார்பக எம்.ஆர்.ஐ. படம் புற்றுள்ள நூறு பேரில் 90 பேரைச் சரியாகக் காட்டியது. புற்றில்லாத நூறு பேரில் 72 பேரைத்தான் புற்றில்லாதவர் என்று சரியாகக் கூறியது. எஞ்சிய 28 பேருக்கும் சந்தேகம் என்றே படம் காட்டியது. அந்த 28 பேரும் படத்தை மட்டும் நம்பி அறுவைக்கு உட்பட்டிருந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். கண்டுபிடிக்கப்படாமல் விடப்பட்ட பத்துப் பேரும், படம் நன்றாயிருக்கிறது என்று வீடு திரும்பியிருந்தால் என்னவாகும் என்றும் எண்ணிப் பாருங்கள். ஊசி எதற்கு என்ற கேள்விக்கு விடை இவ்விரு எண்களிலேயே உள்ளது.

இளம்பெண்ணின் ஃபைப்ரோஅடினோமா, மார்பக அழற்சி, காசநோய்க் கட்டி, அண்மையில் செய்த அறுவையின் தழும்பு ஆகியவை புற்றைப்போல் ஒளிரக்கூடும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நலமான திசுவே மிகுதியாக ஒளிரும். மறுபுறம், பால்நாளத்திற்குள்ளேயே அடங்கிய தொடக்கநிலைப் புற்று சிலவும், மெல்ல வளரும் புற்று சிலவும் போதிய அளவு ஒளிராமல் தப்பக்கூடும். ஆகவே, கையில் தட்டுப்படும் கட்டியோ மேமோகிராமோ சந்தேகத்திற்குரியதாக இருந்தால், எம்.ஆர்.ஐ. படம் நன்றாக இருப்பதைக் கொண்டு அச்சந்தேகத்தைத் தள்ளிவிடக் கூடாது.

யாருக்குத் தேவை?

பின்வரும் நிலைகளில் இப்படம் உண்மையாகவே பயன் தரும்.

பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளோர், தாய், உடன்பிறந்தாள் எனக் குடும்பத்தில் பலர்க்கு இந்நோய் இளவயதில் வந்திருப்போர் ஆகியோரைக் கண்காணிக்க. அக்குளில் நெறிகட்டிச் சோதித்ததில் மார்பகப் புற்று எனத் தெரிந்து, மார்பகத்தில் கட்டி புலப்படாதபோது. அறுவைக்கு முன் மருந்துச் சிகிச்சை பெறுவோரின் கட்டி சுருங்குகிறதா என்று அளக்க. முன்பு அறுவை செய்த இடத்தில் இருப்பது தழும்பா, மீண்டும் வந்த புற்றா என்று பிரித்தறிய. மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் ஒன்றோடொன்று முரண்படும்போது. திசு மிக அடர்ந்த மார்பகத்தில் மேமோகிராமில் புற்று மறைந்துவிடக்கூடும். அத்தகைய பெண்களுக்கு எம்.ஆர்.ஐ. படமும் எடுத்தபோது, இரு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் வெளிப்படும் புற்று ஆயிரத்திற்கு 5 என்பதிலிருந்து 2.5 ஆகக் குறைந்ததை நெதர்லாந்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் கட்டியுள்ள எல்லாருக்கும் இது வேண்டியதில்லை. பிரிட்டனில் 1,623 பெண்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்தோர்க்கும் எடுக்காதோர்க்கும் மறுமுறை அறுவை தேவைப்பட்ட அளவு ஒன்றாகவே இருந்தது. அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரியும் கட்டிக்கு, அதே அல்ட்ராசவுண்டின் வழிகாட்டுதலில் ஊசிச் சோதனை செய்வதே நேர்வழி. அதை விடுத்து, பணம் திரட்டிப் பெரிய ஸ்கேன் எடுத்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று வாரங்களைக் கடத்துவது, செலவையும் கூட்டி நோய்க்கும் இடம் கொடுப்பதாகும்.

எளிய சோதனையின் பயனுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் ஏறத்தாழ 1,51,000 பெண்களிடம் 1998 முதல் இருபதாண்டுகள் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர் ஈராண்டுக்கு ஒருமுறை கையால் செய்த மார்பகப் பரிசோதனையே, ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் இந்நோயால் நேரும் இறப்பை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்தது.

ஊசியைப் பற்றிய அச்சம்

“ஊசி குத்தினால் கட்டி கலைந்து உடலெங்கும் பரவிவிடும்” என்ற அச்சம் நம் பகுதியில் ஆழமாக வேரூன்றியுள்ளது. ஊசிச் சோதனை செய்துகொண்டதால் நோயாளியின் ஆயுள் குறைகிறது என்பதற்குச் சான்று இல்லை. மரத்துப்போகும் மருந்து செலுத்திய பின், ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள திசுத் துணுக்குகள் சில எடுக்கப்படும். அன்றே வீடு திரும்பலாம். அத்துணுக்குகளே கட்டியின் இயல்பைக் காட்டுகின்றன. புற்றாக இருப்பின், அது எவ்வகை, ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதையும் அவையே சொல்லும். எந்தப் படமும் இதைச் சொல்லாது.

சந்தேகத்திற்குரிய இடம் எம்.ஆர்.ஐ. படத்தில் மட்டும் தெரிந்தால், அவ்விடத்தைக் குறிவைத்து அல்ட்ராசவுண்டை மீண்டும் செய்து தேடுவோம். பல நேரங்களில் அதிலேயே புலப்படும். புலப்படாவிடில், எம்.ஆர்.ஐ. வழிகாட்டுதலில் ஊசிச் சோதனை செய்யும் வசதியுள்ள பெரிய மையத்திற்கு அனுப்புவோம். திசுச் சோதனை தீங்கற்றது என்று கூறியும் படம் மிகுந்த சந்தேகத்தைக் காட்டினால், சோதனையை மீண்டும் செய்யச் சொல்வோம். படமும் திசுவும் ஒத்துப்போனால்தான் முடிவு உறுதியாகும்.

படம் எடுக்கச் செல்வோர் அறிய வேண்டியவை

மாதவிடாய் உள்ளோர், தொடங்கிய நாளிலிருந்து ஏழு முதல் பதினான்காம் நாளுக்குள் படம் எடுப்பது நன்று. புற்று உறுதியாகிச் சிகிச்சை தொடங்கவிருப்போர் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

குப்புறப் படுத்து, மார்பகங்களைத் தாங்குவதற்கென அமைந்த குழிவுகளில் அவற்றை வைத்து, ஏறத்தாழ அரைமணி நேரம் அசையாதிருக்க வேண்டும். கருவி பேரொலி எழுப்பும், காதடைப்பான் தரப்படும். கையில் ஓர் அழைப்பு மணியும் இருக்கும்.

தோடு, மூக்குத்தி, மெட்டி, வளையல், கொண்டை ஊசி, ஊக்கு அனைத்தையும் கழற்ற வேண்டும். எளிதில் கழலாத மூக்குத்தியை முதல்நாளே கழற்றிவிடுவது நல்லது. தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதோர், மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றை அணிந்துகொண்டு வரலாம். அதனால் படத்திற்கு இடையூறு இல்லை.

இதயத்தில் பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதில் பொருத்திய கருவி, உடலுக்குள் உலோகத் துண்டு ஆகியவை இருந்தால் கட்டாயம் முன்னரே தெரிவியுங்கள். சிறுநீரக நோயோ நெடுநாள் சர்க்கரை நோயோ உள்ளோர்க்கு, மருந்து செலுத்துமுன் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்க்கப்படும். கருவுற்றிருப்போர்க்கு இம்மருந்து பொதுவாகச் செலுத்தப்படுவதில்லை. பால் கொடுக்கும் தாய்மார், மருந்து செலுத்திய பின்னும் பால் கொடுப்பதைத் தொடரலாம்.

பழைய மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் படங்களையும் திசுச் சோதனை அறிக்கைகளையும் உடன் கொண்டுவாருங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்களும் வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்போர், தமக்குரிய சோதனை அதில் அடங்குமா என்று காப்பீட்டு உதவி மேசையில் முன்னரே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

குடும்பத்தார்க்கு ஒரு சொல். கட்டி இருப்பதை மகளோ மருமகளோ ஆச்சியோ கூச்சத்துடன் சொல்லும்போது, அடுத்த அறுவடை முடியட்டும், கோயில் கொடை முடியட்டும் என்று நாள் குறிக்காதீர்கள். எந்தச் சோதனை வேண்டும், எந்த வரிசையில் வேண்டும் என்பதை மருத்துவரிடம் விட்டுவிட்டு, அவரை அழைத்துவரும் பொறுப்பை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். வருவோரில் பெரும்பாலானோர் ‘தீங்கற்றது’ என்ற விடையோடுதான் வீடு திரும்புகின்றனர். எஞ்சியோர்க்கும், விரைந்து வந்திருந்தால், நல்ல சிகிச்சைக்கு வழி இருக்கிறது.